இரண்டு நாள் கூடுதல் விடுமுறை. ஒன்றரை லட்சம் ரூபாய் வரி!

அயல்நாட்டில் வேலைக்குச் சேர்ந்தவர் வருமான வரியை எந்த நாட்டுக்குக் கட்ட வேண்டும்? சம்பளத்தை ஊருக்கு அனுப்பினால் அதற்கும் வரி உண்டா? திருப்பூரிலிருந்து புறப்படுகிறவர்களும் அவர்கள் வீட்டாரும் தெரிந்துகொள்ள வேண்டிய விவரங்கள் இதோ!

திருப்பூரில் சனிக்கிழமை மாலை என்றால் சம்பள நேரம்.

பனியன் கம்பெனிகளில் டெய்லர்களும், கட்டிங் மாஸ்டர்களும், செக்கிங் பெண்களும் வாரக் கணக்கை வாங்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவார்கள். எத்தனை ஷிப்டு, எத்தனை பீஸ் என்ற கணக்கு அவர்களுக்கு அத்துபடி. பி.எப்., ஈ.எஸ்.ஐ. பிடித்தமும் பலருக்குத் தெரியும்.

ஆனால் வருமான வரி? அது முதலாளிகள் சமாசாரம் என்று பெரும்பாலோர் நினைத்துக்கொள்வார்கள். அதில் தப்பும் இல்லை. வாரக்கூலி வாங்குகிறவரின் வருமானம் வரி வரம்பை எட்டுவதில்லை.

அதே தொழிலாளிக்கு ஒருநாள் அயல்நாட்டு வேலை கிடைக்கிறது. தொழில் தெரிந்தவருக்கு வங்காள தேசத்துத் தையல் ஆலைகளிலும் வேலை உண்டு. துபாய்த் துணி வணிக நிலையங்களிலும் வேலை உண்டு. சிங்கப்பூருக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஊரில் வாங்கியதைப் போல மூன்று மடங்கு, நான்கு மடங்கு சம்பளம்! வீட்டில் மகிழ்ச்சிக்குக் குறைவில்லை. அப்போதுதான் வரி என்ற புதிய விருந்தாளி வாசலில் வந்து நிற்கிறார்.

கொண்டு வந்தவர் யார்?

இந்தியாவில் வருமான வரியை முதன்முதலில் கொண்டு வந்தவர் யார் தெரியுமா?

அவர் பெயர் ஜேம்ஸ் வில்சன். ஸ்காட்லாந்தில் ஹாயிக் என்ற ஊரில் 1805ஆம் ஆண்டு பிறந்தவர். அந்த ஹாயிக் எப்படிப்பட்ட ஊர்? பின்னலாடைக்குப் பேர்போன ஊர்! நம் திருப்பூர் மாதிரிதான். வில்சனின் தகப்பனாரும் கம்பளித் துணி ஆலை நடத்தியவர். வில்சன் இளமையில் தொப்பி செய்யும் தொழிலைக் கற்றுக்கொண்டார். பிறகு 1843ஆம் ஆண்டு லண்டனில் "எகானமிஸ்ட்" பத்திரிகையைத் தொடங்கினார்.

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பிறகு பிரிட்டிஷ் இந்திய சர்க்காரின் கஜானா காலியாகிக் கிடந்தது. அதைச் சீராக்க 1859ஆம் ஆண்டு இறுதியில் வில்சன் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார். 1860ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் தேதி வருமான வரி நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு 200 ரூபாய்க்குக் குறைவாகச் சம்பாதித்தவருக்கு வரி இல்லை. 200 முதல் 500 வரை 2 சதவீதம். அதற்கு மேல் 4 சதவீதம்.

அப்போது சென்னை கவர்னராக இருந்தவர் சார்லஸ் டிரவெலியன். "இந்த வரி வேண்டாம்" என்று அவர் பகிரங்கமாகவே எதிர்த்தார். அதனால் பதவியிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டார்!

வில்சனும் நெடுநாள் இருக்கவில்லை. வரி வந்த மூன்றாவது வாரம், ஆகஸ்டு 11ஆம் தேதி, கல்கத்தாவில் நோயால் இறந்துபோனார். வேலைக்காகக் கடல் கடந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆனால் அவர் கொண்டு வந்த வரி இன்றும் இருக்கிறது. ஜூலை 24ஆம் தேதியை வருமான வரி நாளாக இலாகா கொண்டாடுகிறது.

மாமாவும் மாப்பிள்ளையும்

இனி நம் கதைக்கு வருவோம்.

அனுப்பர்பாளையத்தில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். குடும்பம் கற்பனைதான். ஆனால் கணக்கு நிஜம்.

அந்த வீட்டுப் பிள்ளை ஒரு பனியன் கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜர். மாதம் 50,000 ரூபாய் சம்பளம். துபாயில் ஒரு துணி வணிக நிலையத்தில் அவருக்கு வேலை கிடைக்கிறது. நம் பணத்தில் மாதம் 2½ லட்சம்! அக்காள் புருஷன் இன்னொரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். புறப்படுவதற்கு முன்னால் இருவரும் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறார்கள்.

"ஏனுங்க மாமா, நான் இந்தியப் பிரஜை. எங்கே சம்பாதிச்சாலும் இந்தியாவுக்கு வரி கட்டித்தானுங்களே ஆகோணும்?"

"அப்படி இல்லை மாப்பிள்ளை. நீ எந்த நாட்டுப் பிரஜைன்னு மட்டும் பார்த்து வரி போடறதில்லை. அந்த வருஷத்திலே எத்தனை நாள் இந்தியாவிலே இருந்தேங்கிறதுதான் முதல் கேள்வி."

"நாளுக்கும் வரிக்கும் என்னங்க சம்பந்தம்?"

"அதுதான் சம்பந்தமே! காலண்டரை எடு, சொல்றேன்."

மாமா சொன்னது சரியா? சரிதான். சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

182 என்ற எண்

நம் நாட்டில் வரிக் கணக்குக்கு ஆண்டு என்பது ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. இந்த ஓர் ஆண்டுக்குள் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தவர் "குடியிருப்பவர்" ஆகிறார். குடியிருப்பவர் உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் அது இந்தியக் கணக்கில் சேரும்.

வேலைக்காக அயல்நாடு போன இந்தியப் பிரஜை, அந்த ஆண்டில் 181 நாளோ அதற்குக் குறைவாகவோ இங்கே இருந்தால், அவர் "குடியிருப்பவர் அல்லாதவர்". அவர் அயல்நாட்டில் செய்த வேலைக்கு அங்கேயே வாங்கிய சம்பளத்துக்கு இந்தியாவில் வரி இல்லை. இந்தியாவில் கிடைத்த வருமானத்துக்கு மட்டுமே இங்கே வரி.

மற்றவர்களுக்கு 60 நாள் என்று இன்னொரு விதியும் உண்டு. வேலைக்காகப் புறப்படுகிறவருக்கு அந்த 60 என்பது 182 ஆகத் தளர்த்தப்படுகிறது. ஆகவே, வேலைக்காகத்தான் போனோம் என்று காட்ட நியமனக் கடிதம் பத்திரமாக இருக்க வேண்டும்.

1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025ஆம் ஆண்டில் புதிய சட்டம் இயற்றப்பட்டது. 2026 ஏப்ரல் 1 அது நடைமுறைக்கு வரும் நாளாகக் குறிக்கப்பட்டது. 182 நாள் விதி புதிய சட்டத்திலும் இருக்கிறது.

ஏப்ரல் 1ஆம் தேதியிலிருந்து எண்ணிக்கொண்டே வாருங்கள். செப்டம்பர் 28ஆம் தேதி 181ஆவது நாள். செப்டம்பர் 29 வந்தால் 182!

ஆகவே செப்டம்பர் 28ஆம் தேதிக்குள் விமானம் ஏறுகிறவருக்கு ஒரு கணக்கு. மறுநாள் ஏறுகிறவருக்கு வேறு கணக்கு.

பொங்கலுக்கு வந்தார், வரி வந்தது!

நம் மாப்பிள்ளை செப்டம்பர் 20ஆம் தேதி புறப்படுகிறார். அதுவரை இந்தியாவில் இருந்தது 173 நாள். தப்பித்தார் என்று நினைக்கிறீர்களா? பொறுங்கள்!

ஜனவரியில் பொங்கல் வருகிறது. "புள்ளைய பார்த்து நாலு மாசமாச்சு" என்று அம்மா போனில் கண் கலங்குகிறார். மாப்பிள்ளை ஜனவரி 10ஆம் தேதி வந்து இறங்குகிறார். பொங்கலையும் மாட்டுப் பொங்கலையும் கொண்டாடிவிட்டு 19ஆம் தேதி திரும்புகிறார். வந்த நாளையும் போன நாளையும் சேர்த்தால் பத்து நாள்.

173உம் 10உம் சேர்ந்தால் 183. எல்லை தாண்டிவிட்டது! அந்த ஆண்டுக்கு அவர் இந்தியாவில் குடியிருப்பவர்.

அதனால் என்ன நஷ்டம்? 2025-26ஆம் ஆண்டுக்கான புதிய முறை விகிதப்படி பார்ப்போம்.

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை திருப்பூர்ச் சம்பளம் 3 லட்சம். அக்டோபர் முதல் மார்ச் வரை துபாய்ச் சம்பளம் 15 லட்சம். ஆக மொத்தம் 18 லட்சம். சம்பளக்காரருக்குக் கிடைக்கும் நிலைக் கழிவு 75,000 போக, மிச்சம் 17 லட்சத்து 25 ஆயிரம்.

முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை.

அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம்: ரூ. 20,000.

அடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம்: ரூ. 40,000.

அடுத்த 4 லட்சத்துக்கு 15 சதவீதம்: ரூ. 60,000.

மீதி 1 லட்சத்து 25 ஆயிரத்துக்கு 20 சதவீதம்: ரூ. 25,000.

கூட்டினால் ரூ. 1,45,000. அதன் மேல் 4 சதவீத செஸ் ரூ. 5,800. ஆக மொத்தம் ரூ. 1,50,800!

துபாயில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. அதனால் அங்கே கட்டியதைக் காட்டி இங்கே கழித்துக்கொள்ளவும் வழியில்லை.

அவர் ஜனவரி 12ஆம் தேதி வந்து 19ஆம் தேதி திரும்பியிருந்தால்? எட்டு நாள். மொத்தம் 181. அவர் குடியிருப்பவர் அல்லாதவர். இந்தியக் கணக்கில் திருப்பூர்ச் சம்பளம் 3 லட்சம் மட்டுமே சேரும். அது வரம்புக்கு உட்பட்டது. வரி ஒரு ரூபாய்கூட இல்லை.

இரண்டு நாள்! ஒன்றரை லட்சம் ரூபாய்!

அம்மாவைப் பார்க்க வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. காலண்டரைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள் என்பதுதான் செய்தி.

எல்லோரும் பயப்பட வேண்டுமா?

வேண்டாம்.

2025-26ஆம் ஆண்டு விகிதப்படி, குடியிருப்பவரின் கணக்கிட்ட வருமானம் 12 லட்சம் வரை இருந்தால், புதிய முறையில் வரி முழுவதும் தள்ளுபடி. மாதம் 40,000, 50,000 என்று சம்பாதிக்கும் டெய்லருக்கோ, கட்டட வேலைக்காரருக்கோ 181 ஆனாலும் 182 ஆனாலும் வரி வராது. அவர் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஆனால் இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அந்தத் தள்ளுபடி குடியிருப்பவருக்கு மட்டும்தான். அயல்நாட்டில் இருப்பவருக்கு இல்லை.

ஒருவர் திருப்பூரில் லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். எல்லா வீடும் சேர்ந்து மாதம் 60,000 ரூபாய் வாடகை. ஆண்டுக்கு 7 லட்சத்து 20 ஆயிரம். வீட்டு வாடகைக்கு 30 சதவீதம் கழிவு உண்டு. மிச்சம் 5 லட்சத்து 4 ஆயிரம். அவர் ஊரில் இருந்தால் வரி இல்லை. அயல்நாட்டில் இருந்தால் 4 லட்சத்துக்கு மேற்பட்ட ரூ. 1,04,000க்கு 5 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்து ரூ. 5,408 கட்ட வேண்டும்.

"நான்தான் ஊரிலேயே இல்லையே, எனக்கு என்ன வரி?" என்று இருந்துவிடக்கூடாது. ஆள் அங்கே இருந்தாலும் வாடகை இங்கே வருகிறது அல்லவா?

ஊருக்கு அனுப்பும் பணம்

திண்ணைப் பேச்சு தொடர்கிறது.

"ஏனுங்க மாமா, மாசா மாசம் அம்மாவுக்கும் வீட்டுக்காரிக்கும் பணம் அனுப்புவேன். அதுக்கும் வரி பிடிப்பாங்களா?"

"பிடிக்க மாட்டாங்க. அங்கே வாங்கின சம்பளத்தை இங்கே அனுப்பறது புது வருமானம் ஆகாது. ஆனா ஒண்ணு. சம்பளத்தை முதல்லே அங்கே ஒரு பாங்கியிலே வாங்கு. பிறகு இங்கே அனுப்பு."

"கம்பெனிக்காரங்களே நேரா நம்ம ஊர் பாங்கியிலே போட்டாங்கன்னா நல்லதில்லைங்களா?"

"அங்கேதான் சிக்கல்!"

மாமா எச்சரிப்பதில் அர்த்தம் இருக்கிறது. குடியிருப்பவர் அல்லாதவரும், இந்தியாவில் முதன்முதலாகக் கைக்கு வாங்கிய வருமானத்துக்கு வரி கட்ட வேண்டும் என்பது சட்டம். சம்பளம் நேராகத் திருப்பூர் பாங்கியில் விழுந்தால், அது இந்தியாவில் வாங்கியது என்று ஆகிவிடலாம். கப்பல் மாலுமிகளுக்கு இந்தச் சந்தேகம் பெரிதாக எழுந்தது. அவர்கள் அயல்நாட்டுக் கப்பலில் செய்த வேலைக்கு என்.ஆர்.இ. கணக்கில் விழும் சம்பளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று 2017ஆம் ஆண்டு ஏப்ரலில் மத்திய நேரடி வரிகள் வாரியம் சுற்றறிக்கை விட்டது. அது மாலுமிகளுக்காக வந்த விளக்கம். நிலத்தில் வேலை செய்பவர் அங்கேயே வாங்கி அனுப்புவதுதான் பத்திரமான வழி.

மனைவிக்கு அனுப்பும் பணம் மனைவியின் வருமானம் ஆகாது. ஆனால் அந்தப் பணத்தை அவர் பெயரில் டெபாசிட் போட்டு வட்டி வந்தால், அந்த வட்டி கணவரின் கணக்கில் சேரும்.

பாங்கிக் கணக்கிலும் கவனம் தேவை. அயல்நாட்டுக்கு வேலைக்குப் போனவர் ஊரில் வைத்திருந்த சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றச் சொல்லி பாங்கிக்கு எழுத வேண்டும். அயல்நாட்டுச் சம்பளத்தைப் போட என்.ஆர்.இ. என்று தனிக் கணக்கு தொடங்கலாம்.

என்.ஆர்.இ. கணக்கு வட்டிக்கு வரி இல்லை. என்.ஆர்.ஓ. வட்டியில் 30 சதவீதமும் செஸ்ஸும் பாங்கியே பிடித்துவிடும். மொத்த இந்திய வருமானம் வரம்புக்குள் இருந்தால், ஜூலை 31ஆம் தேதிக்குள் கணக்குத் தாக்கல் செய்து அந்தப் பணத்தைத் திரும்பப் பெறலாம். தாக்கல் செய்யாதவருக்குப் பணம் திரும்பாது.

அங்கே எப்படி?

இதுவரை பார்த்தது நம் ஊர்ச் சட்டம். போன நாட்டிலும் ஒரு சட்டம் இருக்கிறதே! ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு காலண்டர்.

நமக்கு வரி ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. சிங்கப்பூரில் ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. வங்காள தேசத்தில் ஜூலையில் தொடங்கி ஜூனில் முடிகிறது.

சிங்கப்பூரில் மாதாமாதம் சம்பளத்தில் வரி பிடிக்கும் வழக்கம் பொதுவாக இல்லை. முழுச் சம்பளமும் கைக்கு வரும். ஆண்டு முடிந்த பிறகு கணக்குக் கொடுக்க வேண்டும். பிறகு வரித்துறையிடமிருந்து "இவ்வளவு கட்டு" என்று சீட்டு வரும். வந்த சம்பளம் முழுவதையும் ஊருக்கு அனுப்பிவிட்டவர் அப்போது கையைப் பிசைய வேண்டியதுதான்!

அங்கே எண் 183. ஆண்டில் 183 நாள் இருந்தவருக்குச் சலுகை விகிதம். முதல் 20,000 வெள்ளிக்கு வரி இல்லை. அடுத்த 10,000 வெள்ளிக்கு 2 சதவீதம். அதற்கடுத்த 10,000 வெள்ளிக்கு 3½ சதவீதம். மாதம் 1,000 வெள்ளி சம்பாதிக்கும் தொழிலாளிக்கு ஒரு காசும் வரி கிடையாது. இடைவிடாமல் 183 நாளாவது இரண்டு ஆண்டுகளில் தொடர்ந்து வேலை செய்தவருக்கும் இந்தச் சலுகை உண்டு.

குறுகிய காலம் போகிறவர்தான் உஷாராக இருக்க வேண்டும். ஆண்டில் 60 நாள் வரை மட்டும் வேலை செய்தால் பொதுவாக வரி இல்லை. அதற்கு மேலே இருந்து, 183 நாளையும் எட்டாதவருக்கு, குறைந்தது 15 சதவீதம் வரி. ஐந்து மாத ஒப்பந்தத்தில் மாதம் 3,000 வெள்ளி வாங்கியவரைப் பாருங்கள். மொத்தம் 15,000 வெள்ளி. 183 நாள் இருந்தவர் என்றால் இந்தத் தொகைக்கு வரி இல்லை. இவருக்கோ 2,250 வெள்ளி வரி!

அயல்நாட்டவர் வேலையை விட்டு ஊர் திரும்பும்போது, ஒரு மாதம் முன்னதாகவே முதலாளி வரித்துறைக்கு அறிவிக்க வேண்டும். கணக்குத் தீரும்வரை கடைசிச் சம்பளத்தை நிறுத்தி வைக்க வேண்டும். "முதலாளி சம்பளத்தை அமுக்கிவிட்டார்" என்று சிலர் சண்டைக்குப் போகலாம். அது அந்த நாட்டுச் சட்டம். வரி போக மீதிப் பணம் கைக்கு வரும்.

வங்காள தேசத்தில் வேறு முறை. முதலாளியே சம்பளத்தில் வரியைப் பிடிப்பார். அங்கே குடியிருப்பவர் அல்லாத அயல்நாட்டவருக்கு 30 சதவீதம். சம்பளம் பேசும்போதே "வரி போகவா, வரி சேர்த்தா?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பேசின சம்பளம் வேறு, கைக்கு வரும் சம்பளம் வேறு ஆகிவிடக்கூடாது.

இரண்டு இடத்திலும் கட்ட வேண்டுமா?

சிங்கப்பூரில் ஐந்து மாதம் இருந்தவர் அங்கே வரி கட்டினார். ஊரில் 182 நாளுக்கு மேல் இருந்ததால் இந்தியாவும் அதே சம்பளத்தைக் கணக்கில் சேர்க்கிறது. ஒரே சம்பளத்துக்கு இரண்டு வரியா?

இதற்காகவே நாடுகளுக்குள் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தங்கள் இருக்கின்றன. வங்காள தேசத்துடன் 1991ஆம் ஆண்டிலும், சிங்கப்பூருடன் 1994ஆம் ஆண்டிலும் இந்தியா ஒப்பந்தம் செய்தது. அங்கே கட்டிய வரியை இங்கே கட்ட வேண்டியதில் கழித்துக்கொள்ளலாம். ஒரே சம்பளத்துக்கு அங்கே ஒரு லட்சம் கட்டியிருக்கிறார், இங்கே ஒன்றரை லட்சம் வருகிறது என்றால், மீதி 50,000 கட்டினால் போதும்.

ஆனால் சும்மா வாய்வார்த்தையாகச் சொன்னால் கழிக்க மாட்டார்கள். அங்கே வரி கட்டிய ரசீது வேண்டும். அதற்கென்று உள்ள படிவத்தையும் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ரசீதைக் கிழித்து எறிந்துவிட்டு வந்தவர் இரண்டு முறை வரி கட்ட நேரிடும்.

வளைகுடாவில் வரியே கிடையாதா?

ஐக்கிய அரபு எமிரேட்சிலும் சவூதி அரேபியாவிலும் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. ஓமான் மட்டும் 2025ஆம் ஆண்டு ஜூனில் ஒரு சட்டம் போட்டது. 2028 ஜனவரி முதல், ஆண்டுக்கு 42,000 ரியாலுக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 5 சதவீதம் வரி என்பது அந்தச் சட்டம். சாதாரணத் தொழிலாளியின் சம்பளம் அந்த உயரத்துக்குப் போகாது.

"அங்கே வரி கட்டாதவர் இங்கே கட்ட வேண்டும்" என்று 2020ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் தேதி மத்திய பட்ஜெட்டில் ஓர் அறிவிப்பு வந்தது. வளைகுடாவில் இருந்தவர்களும் அவர்கள் குடும்பங்களும் பதறிப்போனார்கள். மறுநாளே நிதி இலாகா விளக்கம் கொடுத்தது. வளைகுடாவில் உண்மையாக உழைத்துச் சம்பாதிக்கும் தொழிலாளர்களின் சம்பளத்துக்கு வரி போடுவது நோக்கம் அல்ல என்றது. முடிவாக வந்த சட்டம், இந்தியாவிலிருந்து கிடைக்கும் வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினால்தான் அந்த விதி என்று வரம்பு வைத்தது.

அப்படி இந்திய வருமானம் 15 லட்சத்துக்கு மேல் உள்ளவர் ஊருக்கு வந்து தங்கும் நாட்களிலும் கவனமாக இருக்க வேண்டும். அவருக்கு 182 அல்ல, 120 நாளிலேயே வேறு கணக்கு தொடங்கிவிடும்.

திரும்பி வந்த பிறகு

சம்பாதித்தது போதும் என்று ஒருநாள் ஊருக்கே திரும்புகிறார். அங்கே பாங்கியில் கொஞ்சம் பணம் கிடக்கிறது. "இருக்கட்டும், யாருக்குத் தெரியப் போகிறது?" என்று விட்டுவிடக்கூடாது.

மறுபடியும் முழுமையாகக் குடியிருப்பவர் ஆனதும், அயல்நாட்டுக் கணக்கையும் சொத்தையும் வரிக் கணக்கில் காட்ட வேண்டும். 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டம், காட்டாதவருக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம் என்று வைத்தது. 2024 அக்டோபர் முதல், வீடு, நிலம் நீங்கலாக மற்றவை மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்த அபராதம் இல்லை என்று தளர்த்தினார்கள். ஆனாலும் ஒழுங்காகக் காட்டிவிட்டு நிம்மதியாக இருப்பதே நல்லது.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொள்ள முடியுமா என்று மலைக்க வேண்டாம். 40 பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊரைவிட்டுப் புறப்பட்ட தேதி, திரும்பி வந்த தேதி, மறுபடி புறப்பட்ட தேதி ஆகியவற்றை அதில் எழுதி வையுங்கள். வந்த நாளையும் போன நாளையும் இந்தியாவில் இருந்த நாளாகவே எண்ணிக்கொள்வதுதான் பத்திரம். பாஸ்போர்ட்டு காலாவதி ஆனாலும் பழையதைத் தூக்கி எறியாதீர்கள். அதில் உள்ள முத்திரைகள்தான் உங்களுக்குச் சாட்சி.

நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, அங்கே வரி கட்டிய ரசீது மூன்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். அவற்றின் நகலை ஊரில் மனைவியிடமோ, அப்பாவிடமோ கொடுத்து வையுங்கள். தொகை பெரிதாக இருந்தால், புறப்படுவதற்கு முன்பே ஓர் ஆடிட்டரைப் பாருங்கள். போன பிறகு பார்ப்பதைவிட அது மலிவு. விகிதங்கள் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறக்கூடியவை. ஆகவே ஆண்டுதோறும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

திண்ணையில் மாப்பிள்ளை எழுந்து உள்ளே போனார். சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றிக் கொண்டு வந்தார்.

"மாமா, பொங்கலுக்கு எத்தனை நாள் இருக்கலாமுங்க?"

"எட்டு நாள்."

"அம்மாகிட்ட யாருங்க சொல்றது?"

"அதை நான் சொல்லிக்கிறேன். ஏப்ரல் பிறந்ததும் புதுக் கணக்கு. அப்போ வந்து ஒரு மாசம் இருந்துட்டுப் போ!"

கட்டிங் மாஸ்டர் அளந்து பார்க்காமல் துணியில் கத்தரி வைப்பதில்லை. அயல்நாடு போகிறவரும் நாளை எண்ணிப் பார்க்காமல் டிக்கெட் எடுக்க வேண்டாம்!